சவம் கிடக்கட்டும்

அந்த போனுக்கு என் பெருவிரலைப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த போனையே பிடிக்கவில்லை. அந்த வகையில் இருவரும் ஒத்துப்போனோம்.

"இன்னொருக்கா அமர்த்தி வைங்க அண்ணே," என்றான் கடைக்காரன். பெயர் பிரஜின் என்று கழுத்து அட்டையில் தமிழிலும் எழுதியிருந்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கடை அது, தமிழ் ஆட்கள் நிறைய வருவார்கள். முப்பத்தைந்து வயது, சின்னத் தொப்பை, வாயெல்லாம் சிரிப்பு. அப்பா எல்லையோரத் தமிழ் ஊரான கொல்லங்கோட்டுக்காரர் என்று நான் கேட்காமலே சொன்னான்.

விரலை வைத்தேன். போன் உதறியது. மறுபடி வைத்தேன். மறுபடி உதறியது. எனக்கு முன்னால் எத்தனை பேர் எச்சில் கையோடு தொட்டார்களோ, கண்ணாடி முழுக்க விரல் பிசுக்கு. அவர்களையெல்லாம் ஏற்றுக்கொண்ட போன் என்னை மட்டும் வாசலிலேயே நிறுத்தியது. பத்து வருடம் கான்கிரீட் கலந்த கை என்னுடையது. ரேகையெல்லாம் இந்த ஊர்ச் சுவர்களுக்குள் போய்விட்டது. அதை இந்த போனுக்கு யார் சொல்வது?

"சவம், திறக்க மாட்டேங்கு," என்றேன்.

"அப்பா," என்றாள் பக்கத்தில் நின்ற ஷிஜா, பல்லைக் கடித்தபடி. "கடைக்குள்ள வச்சு அப்படிப் பேசாதீங்க. நாணக்கேடா இருக்கு."

ஷிஜா என் மகள். பி.காம். இரண்டாம் வருடம். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் மலையாளம் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். வாசல்படி தாண்டிவிட்டால் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வாள். அன்றைக்கு எனக்குத் துணையாக வந்தவள், யாரோ ஒருவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவள் போலத்தான் நின்றாள்.

எங்கள் வள்ளியூர்ப் பக்கத்தில் சவம் என்பது ஒரு வசவே கிடையாது. ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சவம். மூடி திறக்காத பாட்டில் சவம். பிடிக்காத வேலை, போகாத சளி, சீக்கிரம் கிளம்பாத சொந்தக்காரன், எல்லாம் சவம்தான். நாங்கள் மூச்சு விடுகிற மாதிரி அதைச் சொல்வோம். இதைக் கடை நடுவில் நின்று மகளிடம் விளக்க முடியுமா?

"சாரமில்ல அண்ணே, விடுங்க, முகம் வச்சுத் திறக்கலாம்," என்று பிரஜின் போனை என் மூஞ்சிக்கு நேரே பிடித்தான். உள்ளே ஒருவன் தெரிந்தான். என்னைப் போலவே மீசை. ஆனால் உரித்த பனங்கிழங்கு நிறம். கன்னத்தில் என் தழும்பு இல்லை, கண்ணுக்குக் கீழே என் கருப்பு இல்லை.

"இது யாரு?"

"நீங்கதான் அண்ணே. கேமரா தானே அழகாக்கும்."

"யாரு கேட்டா அதுகிட்ட?"

அவன் அதற்கும் சிரித்தான். சிரிக்கத்தான் சம்பளம் என்று நினைக்கிறேன். போன் சோப்புக் கட்டி மாதிரி கையில் நிற்காமல் வழுக்கியது. முதுகில் நாலு கண். நான் சட்டைப் பையில் வைத்திருக்கிற பட்டன் போன் நாலு மாடி உயரத்திலிருந்து விழுந்தும் மறுநாள் மணி அடித்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படித் தண்ணீர்த் தொட்டியில் ஏறுவேன்?

ஆனால் வாங்காமல் திரும்பவும் முடியாது. அதுதான் என் கோபத்தின் அடிவேர்.

வலியசாலைக்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு வீடுள்ள ஒரு ஃப்ளாட்டில் நான் பதினோரு வருடமாக கேர்டேக்கர். லிங்கம் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு ரூம் கொடுத்திருக்கிறார்கள். அதில்தான் நானும் என் வீட்டுக்காரி ஆவுடைத்தாயும் ஷிஜாவும் இருக்கிறோம். போன மாதம் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார், ராஜஸ்ரீ மேடம். வந்ததும் ஒரு சட்டம் போட்டார். ஒன்றாம் தேதி முதல் எல்லாப் புகாரும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும், கேர்டேக்கர் அதிலேயே மலையாளத்தில் எழுதிப் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றால் ஏஜென்சி ஆளை வைத்துக்கொள்வார்களாம்.

எனக்கு மலையாளம் பேச வரும். வழக்கு பேசுகிற அளவுக்கு வரும். எழுத வராது, வாசிக்கவும் வராது. தமிழ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன். அது இங்கே யாருக்கு வேண்டும்? வேலை போனால் ரூமும் போகும். ஷிஜாவின் படிப்புக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. ஒன்றாம் தேதிக்கு நாலே நாள் இருந்தது.

இதை பிரஜினிடம் ஷிஜா மலையாளத்தில் சொன்னாள். அவன் முகம் ட்யூப்லைட் மாதிரி எரிந்தது.

"அண்ணே, அதுக்குத்தான் இந்த மாடல்! நீங்க தமிழ்ல வாயால சொன்னாப் போதும், இது மலையாளத்துல எழுதும். அவங்க மலையாளத்துல எழுதினா, இது தமிழ்ல உங்களுக்கு வாசிச்சுக் காட்டும். நீங்க ஒண்ணும் படிக்க வேண்டா."

"பொய்."

"இப்பவே நோக்கலாம்." அவன் என் நம்பரைக் கேட்டு அந்தக் கடை போனில் வாட்ஸ்அப்பை ஏற்றினான். என் பட்டன் போனுக்கு ஆறு எண் வந்தது. அதைப் பார்த்துத் தட்டினான். அப்புறம் ஷிஜா ராஜஸ்ரீ மேடத்தை அழைத்து, அப்பா வாட்ஸ்அப்பில் வந்துவிட்டார் என்று சொன்னாள். மேடம் எதிலும் தாமதிக்கிற ஆள் இல்லை. அடுத்த நிமிடம் நான் குரூப்புக்குள் இருந்தேன். அதற்கடுத்த நிமிடம் முதல் செய்தி வந்தது.

போன் பேசியது. ஒரு பெண் குரல். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று சொல்கிற அதே மரியாதை.

"ராஜஸ்ரீ, செயலாளர். லிங்கம், மூன்றாவது மாடி வராந்தாவில் இருப்பதை எப்போது அகற்றுவீர்கள்?"

எனக்கு விஷயம் உடனே புரிந்தது. 3சி வீட்டைக் காலி செய்தவர்கள் ஒரு பழைய இரும்பு பீரோவை வராந்தாவிலேயே விட்டுப் போய்விட்டார்கள். லிஃப்டுக்குள் நுழையாது. ஒரு வாரமாக நானும் மேடமும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"பதில் சொல்லி நோக்குங்க அண்ணே. இந்த மைக்கை அழுத்துங்க, பேசுங்க, அப்புறம் இந்த அம்புக்குறி. அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு பிரஜின் பெட்டி எடுக்க உள்ளே போனான். ஷிஜா போன் உறைகள் மாட்டியிருக்கிற பக்கம் நகர்ந்துவிட்டாள். நானும் போனும் தனியாக நின்றோம்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வீட்டுக்கும் கேட்கப்போகிற பதில். தெளிவாக, பொறுப்பாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"மேடம், அது பயங்கர கனமாக்கும். ஒத்தையாத் தூக்க முடியாது. சவம் இன்னைக்கு அங்கனயே கெடக்கட்டும். நாளைக்கு வெடியக்கால, எல்லாரும் எந்திரிக்கதுக்கு முந்தி, ரெண்டு ஆளக் கூட்டியாந்து படி வழியா எறக்கிருதேன். பழைய சாமான்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

கண்ணாடியில் மலையாள எழுத்து வளையம் வளையமாக ஓடியது. நிறைய எழுதியிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அம்புக்குறியைத் தட்டினேன்.

அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு போன் என் கையில் துள்ள ஆரம்பித்தது.

"2டி. என்ன இது?"

"4பி. கடவுளே. யாருடைய சவம்?"

"1ஏ. மூன்றாவது மாடியில் சவமா? குழந்தைகள் அங்கே விளையாடுகிறார்கள்."

"3ஏ. நான் கதவைத் திறந்து பார்த்தேன். வராந்தாவில் ஒரு பீரோ இருக்கிறது. பூட்டியிருக்கிறது."

"2டி. பீரோவுக்குள்ளேயா?"

பிரஜின் பெட்டியோடு ஓடிவந்தான். திரையை எட்டிப் பார்த்து, என் செய்தியை வாசித்தான். வாயை மூடிக்கொண்டு குலுங்கினான். "அண்ணே, நீங்க சவம்னு சொன்னதை இது அப்படியே எழுதிட்டு. பிணம் அங்கேயே கிடக்கட்டும், நாளைக்கு யாரும் எழும்பறதுக்கு முன்னாடி இறக்கிடறேன்னு இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லங்கோட்டுக்காரன் மகனுக்குப் புரிகிறது, இத்தனை விலை சொல்கிற போனுக்குப் புரியாதா? "மாத்தி எழுது, அது பீரோன்னு எழுது," என்று அவனிடம் போனை நீட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதுவதும் அழிப்பதுமாகச் சில நிமிடம் போக்கினான், அதற்குள் சட்டைப் பையில் பட்டன் போன் அடித்தது. ஆவுடைத்தாய்.

"எங்க இருக்கிய? என்ன செஞ்சு வச்சிய? இங்க எல்லாரும் மாடிக்கும் கீழுக்குமா ஓடுதாவ. தங்கப்பன் சார் வந்து நம்ம ரூமத் தொறன்னு நின்னாரு. கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்துட்டாரு. ஷிஜா துணிப் பெட்டியையும் தொறக்கச் சொன்னாரு."

"பெட்டியையா?"

"தொறந்து காட்டினேன். பின்ன என்ன செய்ய?"

தங்கப்பன் சார் 4ஏ. ஓய்வு பெற்ற அதிகாரி. தினமும் காலையில் நடை முடித்து வரும்போது கேட்டில் நின்று, "லிங்கம், சாய குடிச்சோ?" என்று கேட்காமல் போக மாட்டார். பதினோரு வருடமாக நானும் "குடிச்சு சாரே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் என் மகளின் துணிப் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். பீரோவின் பூட்டைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, என் ரூம்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

கடை மேசை மீது போன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது. அதே மரியாதை. அதே ரயில்வே குரல்.

"4ஏ, தங்கப்பன். அவனுடைய அறையைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. இந்தப் பாண்டியை எல்லாம் யார் வேலைக்கு வைத்தது?"

பிரஜினின் சிரிப்பு நின்றது. கையை நீட்டி போனை எடுக்கப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன்.

"வேண்டா அண்ணே. ஆஃப் ஆக்கிடறேன்."

"பேசட்டும்."

"1ஏ. குடித்திருப்பான்."

நான் குடிப்பதில்லை. அது 1ஏ-வுக்குத் தெரியும். அவர் வீட்டு விருந்து முடிந்த அடுத்த நாள் காலி பாட்டில்களை எடுத்துப் போகிறவனே நான்தான்.

"4பி. பாண்டிகளை நம்பக் கூடாது என்று நான் அப்போதே சொன்னேன்."

"2பி, பிச்சுமணி. பதற வேண்டாம். அந்தப் பக்கத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் சவம் என்றுதான் பேசுவார்கள். அவர்களுடைய தரம் அது."

பிச்சுமணி சார் வலியசாலை அக்ரகாரத்துத் தமிழர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். அந்த நாற்பத்தெட்டு வீட்டில் நான் சொன்னது புரிந்த ஒரே ஆள் அவர். புரிந்துகொண்டு இதைத்தான் எழுதினார்.

"2டி. பாண்டி எப்போதும் பாண்டிதான்." அதன் கீழே யாரோ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். குரல் அதையும் விடாமல் வாசித்தது. "சிரித்து அழும் முகம். சிரித்து அழும் முகம்."

எனக்குத் தலை முதல் கால் வரை எரிந்தது. என் ஒரு சொல்லைச் சரியாக எழுதத் தெரியாத போன், அவர்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. தமிழனை இங்கே இளக்காரமாகச் சொல்கிற அந்தப் பாண்டி என்ற சொல்லை நான் கேட்காதவன் இல்லை. பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், சந்தையில் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் கேட்டுக்குள் அது கிடையாது என்று பதினோரு வருடமாக நினைத்திருந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாத இடத்தில் அது சௌகரியமாக இருந்திருக்கிறது.

ஷிஜா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் ஒரு பச்சை உறை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"உன் பெட்டியத் தொறந்து பாத்திருக்காவ பிள்ளே," என்றேன்.

அவள் அழவில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியும்ப்பா. மூணாம் கிளாஸ்லேர்ந்து. அதான் வெளியில வச்சு நான் தமிழ் பேசாதது," என்றாள். தமிழில், கடை நடுவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கு அந்த வார்த்தைதான் மற்ற எல்லாவற்றையும் விட வலித்தது. இவ்வளவு நாள் என் பேச்சு அவளுக்கு வெட்கம் என்று நினைத்து அவள் மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

மைக்கை அழுத்தினேன். இந்தத் தடவை என் பேச்சில் பேசவில்லை. பேப்பரில் படிக்கிற தமிழில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

"மூன்றாவது மாடியில் இருப்பது இரும்பு பீரோ. பிணம் இல்லை. பீரோவை நாளை காலையில் இறக்கிவிடுகிறேன். என் அறையிலும், என் மகளின் துணிப் பெட்டியிலும் என்ன கிடைத்தது என்று தங்கப்பன் சார் இந்தக் குரூப்பில் எழுத வேண்டும். இப்படிக்கு, பாண்டி லிங்கம்."

"ஷிஜா, வாசிச்சுப் பாரு. நான் சொன்னதுதானா?"

வாசித்தாள். தலையை ஆட்டினாள். "ஒரு எழுத்து தப்பில்ல. அனுப்பவா?"

அவளே அம்புக்குறியைத் தட்டினாள்.

போன் அடங்கியது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்தது, செத்த மாதிரிக் கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று பிரஜின் நீலக் குறியைக் காட்டினான். ஒருவரும் எழுதவில்லை.

"மேலேர்ந்து மறுபடி வாசிக்கச் சொல்லு," என்றேன்.

"எதுக்கு அண்ணே, விடுங்க."

"சொல்லுய்யா."

அவன் திரையை மேலே தள்ளித் தட்டினான். குரல் தொடங்கியது.

"4ஏ, தங்கப்பன். இந்தச் செய்தி நீக்கப்பட்டது. 1ஏ. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. 4பி. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. 2பி, பிச்சுமணி. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. 2டி. இந்தச் செய்தி நீக்கப்பட்டது."

ஐந்து பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து அவசரமாகத் துடைத்திருக்கிறார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் எழுத அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகியிருக்கும்.

பட்டன் போன் மறுபடி அடித்தது. ராஜஸ்ரீ மேடம். கோயிலுக்குப் போயிருந்தாராம், இப்போதுதான் பார்த்தாராம். என்னிடம் பேசும்போது அவர் தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஒன்று பேசுவார்.

"லிங்கம், அதொன்னும் மனசுல வைக்கண்டா, கேட்டோ. எல்லாரும் பயந்து பேடிச்சுப் போய் எழுதினது. பின்னே, ஒரு காரியம். நீ அந்த போன் வாங்கண்டா. பழைய மாதிரி நேர்ல வந்து என்கிட்ட பறஞ்சா போதும். உன்னை குரூப்லேந்து நான் எடுத்துடறேன்."

போன மாதத்திலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கத்தான் தவம் கிடந்தேன். போன் வேண்டாம். வேலை இருக்கும். ரூம் இருக்கும். ஷிஜா படித்து முடிப்பாள். பட்டன் போனோடு நான் கேட்டில் நிற்பேன், தங்கப்பன் சார் நாளைக்கும் சாய குடிச்சோ என்று கேட்பார். எனக்கு வாசிக்கத் தெரியாத இடத்தில் அவர்கள் மறுபடி வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள்.

"எடுக்காதீங்க மேடம்," என்றேன். "போன் வாங்கியாச்சு."

"வாங்கியோ?"

"வாங்கியாச்சு. ஒண்ணாம் தேதி சட்டம் நீங்க போட்டதாக்கும். நான் குரூப்லதான் இருப்பேன்."

நான் வைத்துவிட்டேன். ஷிஜா பச்சை உறையை மேசை மேல் வைத்து, என் கைப்பக்கமாகத் தள்ளினாள்.

கொஞ்ச நேரம் முன்னால் வரை இந்த போனை நான் திட்டாத திட்டு இல்லை. பிரஜின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, கறுப்பு இருக்கு, நீலம் இருக்கு. எந்தக் கலர் வேணும்?"

"கலர் கெடக்கட்டும் சவம்," என்றேன். "அவங்க எழுதுறத எல்லாம் சத்தமா வாசிக்கும்லா?"